அட்வான்ஸ் கொடுக்கும் முன் டீலரிடம் என்ன கேட்பது?

கேள்வி: கார் கன்சல்டிங் ஒன்றில் 2017 மாடல் ஸ்விஃப்ட் டீசல் பார்த்தேன். "சிங்கிள் ஓனர், 58,000 கி.மீ." என்கிறார்கள். இன்றே 25,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார்கள். இவர்களை நம்பலாமா?

பதில்: இன்றே பணம் வேண்டும் என்கிற அவசரத்துக்கு இடம் தராதீர்கள். முதலில் ஆர்.டி.ஓ. அனுமதிச் சான்றைக் (படிவம் 29பி) காட்டச் சொல்லுங்கள். பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் இந்த முறை வந்துவிட்டது. சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அடுத்து, இந்த வண்டியை உரிமையாளர் டீலரிடம் ஒப்படைத்ததற்கான படிவம் 29சி ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தால், விற்கும்வரை வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். பல இடங்களில் இது இருக்காது. உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட, பூர்த்தி செய்யாத 29, 30 படிவங்களை (பெயர் மாற்றத்துக்கானவை) வைத்தே வியாபாரம் நடக்கும். நாளை சிக்கல் வந்தால் டீலர் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார். அதனால் உரிமையாளரிடம் நேரில் பேசாமல் பணம் கொடுக்கக் கூடாது.

பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் தேதி, ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்பது தெரியும். ஃபைனான்ஸ் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லைச் சான்று) படிவம் 35-உம் (கடன் பதிவை நீக்குவதற்கானது) கைக்கு வர வேண்டும். "நாங்களே ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் பண்ணித் தருகிறோம்" என்ற வாய்வார்த்தை போதாது. டிராஃபிக் அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

கிலோமீட்டரை மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதைத் திருத்துவது எளிது. கம்பெனி சர்வீஸ் பில்களில் தேதிவாரியாக கி.மீ. ஏறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். நடுவில் இரண்டு வருஷ பில் காணவில்லை என்றால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

டீலரை எடைபோட நான் முக்கியமாகக் கருதுவது, உங்கள் மெக்கானிக்கை அனுமதிக்கிறாரா என்பதுதான். முதல் நாளே சொல்லிவைத்து, இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறும் புகையும் மறைந்துவிடும். பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் தடம் இருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. டிங்கரிங், பட்டி வேலை நடந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் படிந்த மண் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். சென்னையில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்போது வண்டி எந்த ஊரில் ஓடியது என்றும் விசாரியுங்கள்.

இன்சூரன்ஸில் என்.சி.பி. (கிளெய்ம் வாங்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) பழைய உரிமையாளருக்கே உரியது. அந்தச் சலுகையைச் சேர்த்து விலை சொன்னால் ஏற்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அட்வான்ஸைக் கடையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். ரசீதில் வண்டி எண், சேசிஸ் எண், பேசிய விலை, பெயர் மாற்றும் செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் மாற்றித் தருவார்கள், ஆவணம் சரியில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பது வரை எழுதி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள்.