வாசகர் கேள்வி–பதில்: ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

கேள்வி: திருமணமாகிக் கணவருடன் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு வந்து பத்து மாதங்கள் ஆகின்றன. அவர் நீல அட்டை விசாவில் (திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) மென்பொருள் வேலை பார்க்கிறார். சென்னையில் நான்கு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்த நான், இங்கே பேக்கரியில் ரொட்டி வாங்கக்கூட விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மாலை ஆறரைக்கு அவர் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் பேசத் தொடங்கிவிடுகிறேன். "பத்து நிமிஷம் சும்மா இரேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சண்டை நிச்சயம். தவறு என்னுடையதா?
– வாசகி, மியூனிக்

பதில்: முதலில் ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். ஜெர்மனியில் அன்று கடைகளை அடைத்துவிடுகிறார்கள். ஞாயிறு ஓய்வுநாளாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பில் எழுதப்பட்ட விதி, இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே தொடர்கிறது. தி.நகர் வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாலும் கழிந்துவிடுகிற ஒரு மாலைப்பொழுது உங்களுக்கு அங்கே இல்லை. ஐந்து நாள் அலுவலகத்தில் பேசி ஓய்ந்தவரும், ஐந்து நாள் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பவரும் இரண்டு அறைக்குள் நாள் முழுக்க இருந்தால் சண்டை வராமல் எப்படி இருக்கும்?

ஆகவே நாம் சரிசெய்ய வேண்டியது திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்களைத்தான். சென்னையில் உடன் வேலை பார்த்தவர்கள், பஸ் கண்டக்டர், காய்கறிக்காரம்மா, அம்மா என்று பலரிடம் பிரிந்து போன உங்கள் பேச்சு முழுவதும் இப்போது ஒரே மனிதரின் தலையில் இறங்குகிறது. டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊரில், அவருடைய காலடிச் சத்தத்துக்காகக் காத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும்.

நீல அட்டை வைத்திருப்பவரின் துணைக்கு அந்த நாட்டில் வேலை பார்க்கும் உரிமை உண்டு. உங்களைத் தடுப்பது விசா அல்ல, மொழி. ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசு ஆதரவுடன் நடப்பதில் பொதுவாக 600 பாடவேளை மொழியும், 100 பாடவேளை அந்நாட்டுச் சட்டமும் வரலாறும் வாழ்க்கைமுறையும் கற்றுத் தருகிறார்கள். ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே எனப்படும் வயது வந்தோர் கல்வி நிலையத்தில், அதில் சேர உங்களுக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டணம் செலுத்திச் சேரும் வகுப்புகளும் அங்கே உண்டு. காலை வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். தமிழ்த் தோழிகள் கிடைப்பதும் நல்லதுதான், ஆனால் பேக்கரியில் விரலைக் காட்டும் நிலை அதனால் மாறாது.

வீட்டுக்கு வரும் மின்கட்டண, காப்பீட்டுக் கடிதங்களையும் நீங்களே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளும் கணவர்கள் பலர், அந்தக் கடிதங்களைச் செல்பேசிக் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துத்தான் சமாளிக்கிறார்கள். சில மாதங்களில் நீங்கள் அவரை முந்திவிடுவீர்கள். அது அவருக்குச் சற்றே சுருக்கென்று தைக்கலாம்; தைக்கட்டும்.

நாளை வேலை கிடைக்கும்போது இன்னொன்று நடக்கும். மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்காக அங்கே வைத்திருக்கும் வரி வகுப்புகளில், கணவர் குறைவாகப் பிடிக்கும் மூன்றாம் வகுப்பிலும் நீங்கள் அதிகமாகப் பிடிக்கும் ஐந்தாம் வகுப்பிலும் இருந்தால், மாதந்தோறும் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் மிக அதிகமாகத் தெரியும். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் உண்மையான வரி முடிவாகும் என்பதால், "இந்தப் பணத்துக்கா இவ்வளவு பாடு?" என்று அவர் கேட்டால் மனம் தளர வேண்டாம்.

அதுவரை, அவர் கேட்கும் பத்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பின் வரும் அரைமணி நேரம் அவர் கையில் செல்பேசி இருக்கக் கூடாது என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது; வீட்டு உரிமையாளர் கண்டித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறார். என் மனைவியின் சமையல் ஆவிதான் காரணம் என்றேன். ஒரு வாரமாக அவர் என்னுடன் பேசவில்லை.
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: குக்கர் மட்டுமா ஆவி விடுகிறது? குளிப்பதிலும், அறைக்குள் துணி காயப்போடுவதிலும், இரவெல்லாம் நாம் விடும் மூச்சிலும் எழுகிற ஈரம், ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீட்டில் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையில் போய்ப் படிகிறது. ஜன்னலை மேலே லேசாகச் சாய்த்து வைத்தால் சுவர்தான் குளிரும், காற்று மாறாது. குளிர்காலத்தில் நாளைக்கு மூன்று முறையாவது ஐந்து முதல் பத்து நிமிடம் முழுவதுமாகத் திறந்து சாத்த வேண்டும். ஹீட்டரையும் அடியோடு அணைத்துவிடாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் பூஞ்சை வந்தால் கோளாறு கட்டடத்திலும் இருக்கலாம். வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகி ஆலோசனை கேட்கலாம்.

உங்கள் ஊர்ப் பக்கம் மாடிப்படி பெருக்குவதற்குக் கேர்வோஹெ என்று வாரமுறை வைத்து, முறை வந்த வீட்டுக் கதவில் அட்டை மாட்டும் வழக்கம் உண்டல்லவா? ஜன்னலுக்கும் அப்படியொரு முறை வையுங்கள். காலையிலும் இரவிலும் உங்கள் முறை. அதற்கு முன், ஆவியைப் பற்றிச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தக் குக்கரில் வெந்த பருப்பில் நீங்களும்தான் சாப்பிட்டீர்கள்.