கடற்கரைக்கு ஒரு சனி, ஞாயிறு: கார் மைலேஜ் கேள்விகளுக்குப் பதில்

அண்ணாச்சி, ஆடி மாதம் வள்ளியூரில் இருந்து முட்டம் போய்வந்தோம். போகும்போது டிஸ்பிளேயில் மைலேஜ் 14 காட்டியது, திரும்பும்போது 19. அதே கார், அதே ரோடு. மீட்டர் கோளாறா? (வள்ளியூர் வாசகர்)

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. காரணம் ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் இடைவெளியில் புகுந்து, மேற்கில் இருந்து கிழக்காக வேகமெடுக்கிறது. காவல்கிணறு தாண்டி நாகர்கோவிலுக்கு வருகிறவருக்கு அது எதிர்க்காற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீங்கள் 80இல் போக, எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் காருக்கு அது 100இல் போவது மாதிரி. தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளுகிறது. தடை ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் போனதையும் வந்ததையும் சேர்த்துத்தான் மைலேஜ் சொல்ல வேண்டும். காற்றுக் காலத்தில் அந்தப் பகுதியில் 65க்கு இறங்குங்கள், கூரையில் கேரியர் இருந்தால் கழற்றி வையுங்கள். லாரியைத் தாண்டும் நொடியில் பக்கக்காற்று காரை ஒரு தள்ளு தள்ளும்; இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

கம்பெனி 22 என்கிறது. எனக்கு 15, 16 தாண்டவில்லை. (தக்கலை வாசகர்)

அந்த 22, ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை ஓட்டி எடுத்தது. ஏசி கிடையாது, வேகம் 90ஐத் தாண்டாது, தக்கலை ஜங்ஷனும் கிடையாது. உங்கள் காரின் உண்மையான கணக்கு டேங்கில்தான் இருக்கிறது. புறப்படும்போது ஆட்டோ கட் (பங்கில் பம்பு தானாக நிற்பது) ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஊர் சுற்றி முடித்து, அதே பங்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். 312 கிலோமீட்டர் ஓடி 19.5 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16. கட் ஆன பிறகும் "ரவுண்டாகப் போடுங்க" என்று சொன்னால் கணக்கு கெட்டுவிடும்.

தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து கன்னியாகுமரிக்குக் கடலோர ரோடா, மெயின் ரோடா? எது பெட்ரோல் மிச்சம்? (மார்த்தாண்டம் வாசகி)

கடலோர ரோட்டில்தான் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். ஆனாலும் அதிலேயே போங்கள் என்பேன். மெயின் ரோட்டில் மட்டும் என்ன, தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று ஊருக்கு ஊர் நின்று நின்றுதானே போக வேண்டும்? 60 கிலோமீட்டரை 13 மைலேஜில் ஓட்டினால் நாலரை லிட்டர் சொச்சம், 17இல் ஓட்டினால் மூன்றரை. வித்தியாசம் ஒரு லிட்டர். குளச்சல், மண்டைக்காடு, முட்டம் கலங்கரை விளக்கம், சொத்தவிளை, மணக்குடிப் பாலம் எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள் கிடைக்கிறது.

அந்த ஒரு லிட்டரையும் கொஞ்சம் குறைக்கலாம். கடலோர ரோட்டில் எண்ணெயைத் தின்பது பிரேக். பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகத்தை ஒவ்வொரு மிதியிலும் பிரேக் பேடில் சூடாக்கித் தொலைக்கிறோம். ஊர் எல்லை வந்தால் வேகத்தடை வரும் என்பது தெரிந்ததுதான். தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை பூசை முடிந்து ஜனங்கள் ரோட்டில் நடந்து வருவார்கள், பிள்ளைகளும் கூட. அது அவர்கள் ஊர், அவர்கள் நேரம். ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே மெதுவாகப் போங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா? (நாகர்கோவில் வாசகர்)

ஆகாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜின் பிடிமானமும் போய்விடும், ஆபத்து.

இ20 பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா? (தோவாளை வாசகர்)

குறைகிறது. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் உள்ள ஆற்றல், அதே அளவு பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இ20க்கு ஏற்ப டியூன் செய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம் குறையும் என்பது 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையின் கணிப்பு. 16 கொடுத்த பழைய வண்டி 15 கொடுத்தால் இதுவே காரணமாக இருக்கலாம். 11க்கு இறங்கினால் பெட்ரோல்மேல் பழி போடாமல் டயர் காற்றையும் பிரேக்கையும் பாருங்கள்.

வீடு கடற்கரையில். இன்ஜின் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், மைலேஜ் மட்டும் மெல்ல இறங்குகிறது. (குளச்சல் வாசகர்)

உப்புக்காற்றில், பிரேக் பேடை டிஸ்க்மேல் அழுத்தும் காலிப்பரின் 'பின்' (சிறு உலோகத் தண்டு) துருப்பிடித்து இறுகியிருக்கலாம். காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாது. இன்ஜின் அந்த இழுவையோடு ஓடும். பிரேக் அதிகம் போடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம்முக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரம்தான். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அடிப்பாகத்தையும் சக்கரத்தின் உள்பக்கத்தையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கழுவிய கையோடு வண்டியை நிறுத்திவிடாமல், தெருவில் ஒரு சுற்றுப் போய், பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து ஈரத்தைக் காயவிட்டு நிறுத்துங்கள்.