பிரேக்டவுனுக்கு முந்தைய 20 நொடி: மெட்டல்கோர் பிளேலிஸ்ட் விமர்சனம், கேள்வி பதில்

மெட்டல்கோர் என்பது ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்த இசை. ஒருவர் பொறுக்கிக் கோத்த மெட்டல்கோர் பிளேலிஸ்டை எடுத்துப் பாட்டுப் பாட்டாக விமர்சனம் எழுதுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: லிஸ்டில் 40 பாட்டு இருக்கு. ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டு முடிச்சுட்டு எழுதிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு தடவை உட்கார்ந்தால் 8 பாட்டு போதும். இந்த இசையில் சிம்பல், ஸ்க்ரீம், கிட்டார் டிஸ்டார்ஷன் என்று மேல் அலைவரிசை ஓய்வில்லாமல் நிரம்பியிருக்கும். காது அதற்குப் பழகிவிட்டால் பன்னிரண்டாவது பாட்டின் மிக்ஸ் மந்தமாகத் தெரியும். மந்தம் பாட்டில் இல்லை, காதில்தான்.

ஒவ்வொரு பாட்டையும் முதலில் எதுவும் குறிக்காமல் முழுதாகக் கேளுங்கள். இரண்டாம் தரம் நிமிடம், நொடி குறித்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் தரம் சந்தேகம் வந்த இடங்கள் மட்டும். 8 பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

தொடங்கும் முன் ஷஃபிளை அணையுங்கள், கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலக்கும் வசதி) பூஜ்யத்தில் வையுங்கள். இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள். மெட்டல்கோர் பாட்டுகள் பெரும்பாலும் வெட்டினாற்போல் நிற்கும், இல்லையென்றால் கிட்டார் ஃபீட்பேக்கில் கரையும். கிராஸ்ஃபேட் அந்த முடிவைத் தின்றுவிடும், நீங்களும் "முடிவு சரியில்லை" என்று எழுதிவிடுவீர்கள்.

ஒலி அளவிலும் கவனம் வேண்டும். பணியிட உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94 டெசிபலில் ஒரே மணி நேரம்.

கேள்வி: வால்யூம் நார்மலைசேஷனை அணைத்துவிட்டுக் கேட்பதுதானே நேர்மை? கலைஞர் கொடுத்தது அப்படியே வரணும் இல்லையா?

பதில்: எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் வசதி அது. தனி ஆல்பத்துக்கு அணைக்கலாம். பிளேலிஸ்டுக்கு அணைக்காதீர்கள். சத்தம் கூடிய பாட்டு எதுவானாலும் முதல் கேட்பில் நன்றாக இருப்பதாகத் தோன்றும். நம் காதின் பலவீனம் அது. பழைய பதிவு ஒன்றுக்கு அடுத்து நசுக்கி மாஸ்டர் செய்த (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீராக்கிய) புதிய பாட்டு வந்தால், ஒலி அளவை வைத்தே புதியதற்கு மதிப்பெண் போய்விடும்.

ஸ்பாட்டிஃபையில் இயல்பான அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு). அதிலேயே வையுங்கள். 'லவுட்' என்ற தேர்வு மைனஸ் 11 வரை ஏற்றும். அதற்காக உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டரும் இடையில் புகும், அது ஸ்நேர் டிரம் அடியின் முனையை மழுக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறக்கிய பிறகும் ஒரு பாட்டு தட்டையாகவும் மூச்சு முட்டுவது போலவும் கேட்டால், மாஸ்டரிங்கில் அதிகமாக நசுக்கியிருக்கிறார்கள். அதைத் தாராளமாகக் குறையாக எழுதலாம்.

கேள்வி: பிரேக்டவுன் எல்லாமே எனக்கு ஒரே மாதிரிதான் கேட்குது. நல்லது எது, சும்மா போட்டது எது, எப்படிப் பிரிக்கிறது?

பதில்: பிரேக்டவுன் என்றால் பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கியதாகத் தோன்றும் கனமான பகுதி. கனமாக இருக்கிறதா என்று பார்த்தால் எல்லாமே கனம்தான். அதற்கு முந்தைய 20 நொடியில் பாட்டு என்ன செய்தது என்று பாருங்கள்.

கணக்காகவே சொல்கிறேன். 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 தட்டு) ஓடும் பாட்டில் ஒரு பார், அதாவது நான்கு தட்டு, 1.7 நொடி. வழக்கமாக ஸ்நேர் 2ஆம், 4ஆம் தட்டுகளில் விழும், அதாவது 0.86 நொடிக்கு ஓர் அடி. பிரேக்டவுனில் அது 3ஆம் தட்டில் மட்டும் விழும், 1.7 நொடிக்கு ஓர் அடி. டெம்போ மாறவே இல்லை, அடிகளுக்கு நடுவே இருக்கும் இடம் இரட்டிக்கிறது. அதனால் பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கியதாக உடம்புக்குத் தோன்றும். முன்னால் நெரிசல் இருந்தால்தான் இந்த இடைவெளி உறைக்கும். ஏற்கெனவே ஆமை நடையில் சக் (கம்பியை உள்ளங்கையால் அமுக்கி எழுப்பும் கிட்டார் ஒலி) அடித்துக்கொண்டிருக்கும் பாட்டுக்கு இறங்கப் படியே கிடையாது.

சோதிக்க எளிய வழி உண்டு. பிரேக்டவுன் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு தரம் ஓடவிடுங்கள். பிறகு 20 நொடி பின்னால் போய் அங்கிருந்து கேளுங்கள். இரண்டாம் தரம் அடி பலமாக விழுந்தால் பாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அந்தப் பிரேக்டவுனைக் கழற்றி வேறு எந்தப் பாட்டிலும் மாட்டலாம்.

அடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 8 பார் என்றால் 140 பிபிஎம்மில் ஏறக்குறைய 14 நொடி. 14 நொடி முழுக்க ஒரே சக் வரிசை திரும்பத் திரும்ப வந்தால் ஐந்தாவது பாரிலேயே காது அடுத்த அடியை முன்கூட்டிச் சொல்லிவிடும். கைதேர்ந்தவர்கள் அங்கேதான் ஓர் அடியை இடம் மாற்றுவார்கள், அல்லது மேலே ஓர் உராயும் சுரத்தைச் சேர்ப்பார்கள்.

பிரேக்டவுனுக்கு முன் வரும் அந்த மௌனத்தையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிட்டாரின் நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) சரியாக வேலை செய்திருந்தால் மௌனம் சுத்தமாக இருக்கும். ஆம்ப் இரைச்சல் கசிந்தால் கேட் தளர்வு. கார்டின் வால் கத்தரித்தாற்போல் நின்றால் கேட் மிக இறுக்கம்.

கடைசியாக ஒலியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிக் கேளுங்கள். அப்போதும் தலை ஆடினால் தாளம் நன்றாக அமைந்திருக்கிறது. சத்தத்தோடு சேர்ந்து சுவையும் போய்விட்டால் அங்கே இருந்தது சத்தம் மட்டும்தான்.

கேள்வி: பேஸ் டிராப் இருக்குன்னு எல்லாரும் எழுதுறாங்க. என் போனில் ஒண்ணுமே கேட்கலை.

பதில்: பேஸ் டிராப் என்பது பிரேக்டவுன் தொடங்கும்போது கீழே சரியும் மிகத் தாழ்ந்த ஒலி. போன் ஸ்பீக்கரில் கேட்காது. டிராப் ஏ டியூனிங்கில் (அடிக்கம்பியை ஏ சுரத்துக்கு இறக்கும் முறை) கிட்டாரின் அடிக்கம்பி 55 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. ஆனாலும் கிட்டார் கேட்கிறதே என்றால், கேட்பது அதன் மடங்குகள்: 110, 165, 220 என்று மேலே போகும் ஒலிகள். அவற்றை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் டிராப் ஏறக்குறைய சுத்தமான சைன் அலை, அதற்கு மடங்குகள் கிடையாது, அதனால் அப்படியே மறைந்துபோகிறது. சில மிக்ஸ்களில் அதற்கும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் ஏற்றியிருப்பார்கள், அவை மட்டும் போனில் லேசாகத் தெரியும். விமர்சனத்துக்கு ஹெட்ஃபோன் கட்டாயம். எந்த ஹெட்ஃபோன் என்பதைவிட 40 பாட்டுக்கும் ஒரே ஹெட்ஃபோன் என்பது முக்கியம்.

கேள்வி: சில பாட்டில் கிட்டார் ஒரு கணக்கில் போகுது, டிரம் வேறு கணக்கில் போகுது. "ஆட் டைம்" என்று எழுதினால் சரியா?

பதில்: ஆட் டைம் என்றால் 5, 7 என்று நான்கில் அடங்காத தாளக் கணக்கு. அப்படி எழுதுவது பெரும்பாலும் தவறு. சிம்பலைக் கவனியுங்கள். அது ஒரே சீராக நான்கு நான்காகத் தட்டிக்கொண்டிருந்தால் பாட்டு நான்கில்தான் இருக்கிறது, கிட்டார் மட்டும் உள்ளே வேறு விதமாகப் பிரிகிறது.

நம்மிடம் இதற்குச் சொற்கட்டு இருக்கிறது. கையால் நான்கு தட்டு போடுங்கள், தட்டுக்கு நான்கு அட்சரம், ஒரு பாருக்கு 16. வாயால் "தகிட தகிட தகிட தகிட தகதிமி" சொல்லுங்கள். மூன்று மூன்றாக 12, மிச்சம் 4. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது தகிட தட்டோடு சேராமல் நழுவும், கடைசித் தகதிமி நான்காவது தட்டில் கச்சிதமாக வந்து அமரும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிசை) இதோடு ஒத்துப்போனால் நீங்கள் எழுத வேண்டியது "நான்கில் ஓடும் பாட்டு, ரிஃப் மூன்று மூன்றாகப் பிரிந்து பாரின் கடைசியில் சேர்கிறது". ஒத்துப்போகாவிட்டால் ஐந்தைந்தாகப் போட்டுப் பாருங்கள்: "தகதகிட" ஆறு முறை 30, கூட ஒரு "தக", ஆக 32. இரண்டு பாருக்கு ஒரு சுற்று. மெஷுகா என்ற சுவீடன் குழுவின் வழி வந்த ரிஃப்களில் இப்படிப்பட்ட கணக்கு அடிக்கடி மாட்டும். சிம்பலும் சேர்ந்து தடுமாறினால் மட்டும் 7, 5 என்று தேடப் போங்கள்.

கேள்வி: ஸ்க்ரீமில் ஒரு வார்த்தை புரியலை. புரியாத குரலை எப்படி மதிப்பிடுறது?

பதில்: முதலில் வகையைப் பிரியுங்கள். ஃபால்ஸ் கார்ட் முறை தடித்து, அடியில் உறுமும். ஃப்ரை முறை மெலிந்து, மேலே கீறும். ஒரே பாட்டில் இரண்டும் வந்தால் எந்த வரிக்கு எது என்று குறியுங்கள். காரணத்தோடு மாறுகிறதா, சும்மா மாறுகிறதா என்பது இரண்டாம் கேட்பில் தெரிந்துவிடும்.

பிறகு மெய்யெழுத்துகளைக் கேளுங்கள். உயிர் ஒலிகள் ஸ்க்ரீமில் எப்படியும் சிதையும். க, ட, ப போன்ற வெடிப்பொலிகள் தெளிவாக விழுந்தால் பாடுகிறவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அவை தாளத்தோடு சேர்ந்து விழுந்தால் வார்த்தை புரியாமலேயே வரி மனசில் நிற்கும். பாடல் வரிகளை இரண்டாம் கேட்புக்குப் பிறகு படியுங்கள். முன்கூட்டிப் படித்தால் காதுக்குக் கேட்காததையும் கேட்டதாக மூளை சத்தியம் செய்யும்.

ஓர் எச்சரிக்கை. லிஸ்டில் ஒரே குழுவின் இரண்டு காலப் பாட்டுகள் இருந்தால் பாடகர் அவரேதானா என்று பாருங்கள். கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழுவில் ஜெஸ்ஸி லீச் 2002இல் விலகி ஹோவர்ட் ஜோன்ஸ் வந்தார், 2012இல் லீச் திரும்பினார். இது தெரியாமல் "குரல் முதிர்ந்திருக்கிறது" என்று எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஸ்பிரிட்பாக்ஸில் கதை தலைகீழ்: மெல்லிய பாட்டும் உறுமலும் இரண்டுமே கோர்ட்னி லபிளான்ட்தான்.

கேள்வி: டிரம் மெஷின் மாதிரி இருக்கு. அது குறையா?

பதில்: 180 பிபிஎம்மில் தட்டுக்கு நான்காக டபுள் கிக் (இரண்டு காலாலும் அடிக்கும் பேஸ் டிரம்) ஓடினால் நொடிக்கு 12 அடி. மைக் பிடித்த இயல்பான ஒலி அவ்வளவு நெருக்கத்தில் கிட்டாருக்குள் கரைந்துபோகும். அதனால்தான் சாம்பிள் (முன்பே பதிவு செய்த அடி ஒலி) சேர்த்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'கிளிக்' தருகிறார்கள். கிக்கில் இது இந்த வகையின் வழக்கம், குறை இல்லை. ஸ்நேரைப் பாருங்கள். பாட்டின் மெல்லிய பகுதியிலும் பிரேக்டவுனிலும் ஸ்நேர் ஒரே பலத்தில், ஒரே நிறத்தில் அடித்தால் அது குறை. மேலே சொன்ன ஏற்றஇறக்கத்தை அது பாதியிலேயே கொன்றுவிடும்.

கேள்வி: லிஸ்டில் பாதி மெட்டல்கோரே இல்லை. மதிப்பெண் குறைக்கலாமா?

பதில்: தொகுத்தவருக்குக் குறையுங்கள், பாட்டுக்குக் குறைக்காதீர்கள். அதற்கு முன் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 1990களில் எர்த் கிரைசிஸ், இன்டெக்ரிட்டி போன்றவர்கள் செய்தது ஹார்ட்கோரில் மெட்டல் ரிஃபை ஏற்றும் வேலை, அதில் மெல்லிய கோரஸ் தேடினால் கிடைக்காது. கான்வர்ஜின் 2001 ஆல்பமான 'ஜேன் டோ'வின் கரகரப்பு வேண்டுமென்றே வைத்தது, அதை "மோசமான பதிவு" என்று எழுதாதீர்கள். 2000களில் வந்த மெலடி வகை, அட் தி கேட்ஸ் போன்ற சுவீடன் குழுக்களின் இரட்டைக் கிட்டார் ரிஃபை எடுத்துக்கொண்டு பாடக்கூடிய கோரஸைச் சேர்த்தது. குழுவின் பெயரும் உதவாது: பிரிங் மீ தி ஹொரைசன் 2006இல் டெத்கோர் (டெத் மெட்டல் கலந்த வகை), 2013இல் 'செம்பிடெர்னல்' ஆல்பம் வேறு உலகம்.

ஆண்டைப் பார்க்கும்போது ஸ்ட்ரீமிங் செயலி காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கலாம்.

கேள்வி: 10க்கு இத்தனை என்று கொடுக்கணுமா?

பதில்: கொடுங்கள், ஆனால் 40 பாட்டும் முடிந்த பிறகு. முதல் நாள் 9 கொடுத்துவிட்டு கடைசி நாள் இடமில்லாமல் தவிப்பவர்கள் நிறைய.

கேள்வி: "செம ஹெவி, பிரேக்டவுன் வேற லெவல்" என்பதைத் தாண்டி எழுத வரலை.

பதில்: நேரத்தில் தொடங்குங்கள். மாதிரிக்கு, கற்பனைப் பாட்டு ஒன்றுக்கு இப்படி: "1:52இல் கோரஸ் முடிந்ததும் டிரம் நின்று இடது காதில் கிட்டார் மட்டும் ஓடுகிறது. 2:08இல் வலது கிட்டார் சேர்கிறது, 2:12இல் ஒரு பார் மௌனம், பிறகு பாதி வேகத்தில் பிரேக்டவுன். மௌனம் வரை எல்லாம் சரி. ஆனால் அதே சக் வரிசை 12 பார் மாறாமல் போவதால் 2:25க்குப் பிறகு கவனம் நழுவுகிறது." நான்கு வரிதான். படிக்கிறவர் அந்த இடத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம், உங்களோடு சண்டையும் போடலாம்.

கேள்வி: நல்ல பாட்டுன்னு பேர் வாங்கினது இந்த லிஸ்டில் சப்பென்று இருக்கு. என் காதா, பாட்டா?

பதில்: பக்கத்துப் பாட்டாக இருக்கலாம். முன்னால் வந்த பாட்டும் அதே டிராப் சி, ஏறக்குறைய அதே டெம்போ, அதுவும் பிரேக்டவுனிலேயே முடிந்திருந்தால், அடுத்ததன் முதல் நிமிடம் எடுபடாது. 20 நொடி விதி பாட்டுக்குள்ளே மட்டும் இல்லை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலும் செல்லும். ஓர் அரை மணி இடைவெளி விட்டு அந்தப் பாட்டைத் தனியாகக் கேளுங்கள். அப்போது எழும்பி நின்றால் குறையை வரிசையின் மேல் எழுதுங்கள், இரண்டு எண்களையும் சேர்த்து: "14ஐ 9க்குப் பிறகு நகர்த்தினால் இரண்டும் பிழைக்கும்" என்பது மாதிரி. தொகுத்தவருக்கு உங்கள் விமர்சனத்தில் உடனே பயன்படும் வரி அதுவாகத்தான் இருக்கும்.