கறையைக் கழுவாதீர்கள், உறிஞ்சி எடுங்கள்

கேள்வி: கேட்டிலிருந்து வீடு வரை கான்கிரீட் சரிவு போட்டிருக்கிறோம். பழைய ஜீப் நிற்கும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருப்புக் கறை. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் போன மாதிரி இருக்கிறது. காய்ந்ததும் மறுபடி தெரிகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் தேய்த்ததில் மேலாக இருந்த ஆயில் மட்டும்தான் போயிருக்கிறது. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். மிச்ச ஆயில் அவற்றுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. தளம் ஈரமாக இருக்கும்போது எல்லாமே கருத்திருப்பதால் கறை தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் அது ஆயில்தானா என்று பாருங்கள். மலையில் பாசியும், ஊறிப்போன தைல மரத்து இலையும்கூட இப்படிக் கருப்பாக்கும். காய்ந்த கறைமேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் ஆயில். உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் பாசியோ இலைக் கறையோதான்.

ஆயில் என்றால், கை தாங்காத சூட்டில் 5 லிட்டர் வெந்நீர் எடுத்து, 250 கிராம் சலவை சோடாவும் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் கலக்குங்கள். ஆப்ப சோடா வேறு, அது போதாது. பிளாஸ்டிக் வாளி நல்லது. அலுமினியத்தைச் சலவை சோடா அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு கறைமேல் ஊற்றி, காயவிடாமல் அரை மணி நேரம் ஊறவைத்து, கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம்: உடைந்து சிக்கிய கம்பித் துணுக்கு நம் பனிமூட்டத்தில் துருப்பிடித்து, கருப்புக்குப் பதில் செம்புள்ளி வரும். குளிர்ந்த தண்ணீரிலும் செய்யாதீர்கள், ஆயில் கெட்டியாகி அசையாது. தேய்த்த அழுக்கு நீரைச் சரிவில் ஓடவிடாமல் மரத்தூள் கொட்டி உறிஞ்சி வாரி எடுங்கள். ஓடினால் கீழ்வீட்டுக் கிணற்றுக்கோ தேயிலைத் தோட்டத்து ஓடைக்கோதான் போகும்.

இரண்டு மூன்று நாள் வெயில் பட்டு நன்றாகக் காய்ந்த பிறகும் நிழல் மாதிரி மிச்சம் இருந்தால் பற்றுப் போடுங்கள். ஒரு சதுர அடிக்கு அரை கிலோ சாக் பவுடர், கால் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக டர்பெண்டைன். இரண்டும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, கறையைத் தாண்டி இரண்டு அங்குலம் வரை, அரை சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் பூசுங்கள். ஒரு நாள் தார்ப்பாயால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். பிறகு மூடியை எடுத்துக் காயவிட வேண்டும். இதுதான் முக்கியமான கட்டம். மூடியிருக்கும்போது டர்பெண்டைன் உள்ளே இறங்கி ஆயிலை இளக்குகிறது. திறந்து காயும்போது இளகிய ஆயில் மேலேறிப் பவுடரில் தங்குகிறது. அவசரப்பட்டு ஈரத்தோடு வழித்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும். பழைய கறைக்கு இரண்டு மூன்று பற்று தேவைப்படலாம்.

துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் டர்பெண்டைன் உள்ளே போகாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடாதீர்கள். ஜனவரிக்கு மேல், வானம் தெளிவான வாரமாகப் பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. வழித்த பவுடரையும் ஆயில் குடித்த மரத்தூளையும் குளிருக்குக் கணப்பில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: யாரோ சொன்னார்கள் என்று டாய்லெட் ஆசிட்டை ஊற்றினேன். பொங்கியது, ஆனால் கறை போகவில்லை. இப்போது ஜல்லி தெரிகிறது, தளம் மஞ்சளாகவும் இருக்கிறது.
- வாசகி, குன்னூர்

பதில்: ஆசிட் கரைப்பது சிமெண்டைத்தான், ஆயிலை அல்ல. நீங்கள் பார்த்த பொங்கல் சிமெண்ட் கரைந்தது. மஞ்சள், மலிவான ஆசிட்டில் உள்ள இரும்பால் வருவது. முதலில் நிறையத் தண்ணீரால் அலசி, 10 லிட்டருக்கு 200 கிராம் சலவை சோடா கரைத்து ஊற்றி, மறுபடி அலசுங்கள். இப்போது பிளீச்சிங் பவுடரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். காய்ந்ததும் மேலே சொன்ன பற்று. ஜல்லி தெரியும் இடத்தைச் சிமெண்ட் பால் பூசி மறைக்கலாம்தான், ஆனால் ஆயில் முழுதாகப் போகாமல் பூசினால் அந்த இடம் ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும்.

கேள்வி: நீலகிரித் தைலம் ஆயில் கறையை எடுக்குமா?
- வாசகர், ஊட்டி

பதில்: இளக்கும். ஆனால் வெறுமனே ஊற்றினால் இளகிய ஆயில் இன்னும் ஆழமாக இறங்கும். பெட்ரோலுக்கும் இதே கதைதான், அதில் தீ அபாயமும் சேரும். சாக் பவுடரில் பிசைந்தால் வேலை செய்யும். டர்பெண்டைன் விலைக்குக் கிடைக்கும்போது ஏன் வீணாக்க வேண்டும்?

கேள்வி: விருந்தினர் வண்டியிலிருந்து இப்போதுதான் ஆயில் கொட்டியிருக்கிறது. சிமெண்ட் தூவலாமா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: சமவெளியில் தூவலாம். உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் ராத்திரியே இறுகித் தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். மரத்தூள் போதும்: அரை அங்குலம் கொட்டி, காலணியால் நன்றாக மிதித்து, சில மணி நேரம் விட்டு வாரி எடுங்கள். கறுத்து வந்தால் மறுபடி கொட்டுங்கள். தண்ணீர் விடவே கூடாது.

அந்த வண்டிக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். கருப்போ பழுப்போ என்றால் எஞ்சின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலண்ட். நாய் நக்காமல் உடனே கழுவுங்கள், அது விஷம். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக, தண்ணீர் மாதிரி மெல்லியதாக வழுக்கினால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அது தண்ணீரிலேயே போய்விடும், கறையைப் பற்றிக் கவலை இல்லை. வண்டியை மட்டும் வத்தலக்குண்டு பக்கம் இறக்க விடாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.