கான்கூன் அறையை ரத்து செய்துவிடுங்கள்

கேள்வி: ஜனவரியில் ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து மெக்சிகோ போய், மாயா கோயில்களையும் பழைய ஸ்பானிய ஊர்களையும் ஒரு வாரத்தில் பார்த்துவர ஆசை. கான்கூனில் அறை போட்டாகிவிட்டது, தினம் ஒரு டூர் பஸ்ஸில் போய்வரலாம் என்கிறாள் மகள். எனக்கு 63, கணவருக்கு 68. அவருக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். சரிப்பட்டு வருமா?
- வாசகி, திருச்சி

சகோதரி, முழங்காலை நினைத்துத் தயங்கவே வேண்டாம். மாயா இடிபாடுகளில் பேர்பெற்ற சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடில் 2006 முதல் யாரையும் ஏறவிடுவதில்லை. இருபது வயதுக்காரரும் கீழே நின்றுதான் அண்ணாந்து பார்க்கவேண்டும். அங்கே ஆளை அசத்துவது வெயில்தான். அதனால்தான் கான்கூன் வேண்டாம் என்கிறேன். அங்கிருந்து சிச்சென் இட்சா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பஸ் ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆளேற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது உச்சிவெயிலும் கூட்டமும் சேர்ந்தே காத்திருக்கும்.

நான்கு இரவு பழைய ஸ்பானிய நகரமான மெரிதாவிலும், அடுத்த இரண்டு இரவு சிச்சென் இட்சாவுக்கு அருகிலுள்ள வயதோலித் ஊரிலும் தங்குங்கள். ஹூஸ்டனிலிருந்து மெரிதாவுக்கே விமானம் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. கிளம்புமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்றும் பாருங்கள், மகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே.

ஸ்பானிய ஊருக்கு ஒரு நாள், மாயா இடிபாட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்து வைக்காதீர்கள். இரண்டும் ஒரே கல். தோ என்ற மாயா நகரம் இருந்த இடத்தில்தான் 1542இல் மெரிதாவை நிறுவினார்கள். கோயில்களைப் பிரித்தெடுத்த கல்லில் எழுந்து, 1598இல் முடிந்தது அங்குள்ள பேராலயம். அதே சதுக்கத்தின் தென்பக்கம், ஊரை நிறுவிய ஸ்பானியத் தளபதி மொந்தேஹோவின் மாளிகை. வாசலுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள்: ஈட்டிக்கோடரி ஏந்திய இரண்டு ஸ்பானிய வீரர்கள், காலடியில் வாய் பிளந்த மனிதத் தலைகள். நடந்தது என்னவென்று அந்தச் சிற்பமே சொல்லிவிடும்.

மெரிதாவிலிருந்து ஒரு நாள் இசமால் போங்கள். ஊரே மஞ்சள் பூசி நிற்கும். நடுவிலுள்ள மடாலயத்துக்குச் சரிவுப்பாதையில் ஏறும்போது நீங்கள் மிதிப்பது மாயா கோயில் மேடையை. இதைக் கட்டுவித்த பாதிரியார் தியேகோ தெ லாந்தாதான் 1562இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்து எரித்தவர். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே. மாயா எழுத்தைப் பற்றி அவரே எழுதிவைத்த குறிப்புதான் பிற்காலத்தில் அதைப் படித்தறியக் கைகொடுத்தது. அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு ஆத்திரமும் துக்கமும் ஒன்றாக வந்தன.

இன்னொரு நாள் உஷ்மால் என்ற மாயா நகர இடிபாடு, மெரிதாவிலிருந்து 80 கிலோமீட்டர். நேரமில்லை என்றால் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஆறோ கிணறோ இல்லாத ஊர், மழைநீரைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேமித்துப் பிழைத்தது. அதனால் சுவரெங்கும் மழைத் தெய்வம் சாக்கின் முகம். வளைந்து நீளும் மூக்கு, நம் கண்ணுக்குத் துதிக்கை போலத் தெரியும். கூட்டம் குறைவு, உங்கள் கணவர் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

சிச்சென் இட்சாவுக்கு வயதோலித்திலிருந்து முக்கால் மணி நேரம். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால் பேசோ ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். பெரிய பிரமிடுக்குப் பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கம், உச்சிமேடை ஒன்று, ஆக 365. வடக்குப் படிக்கட்டுக்கு நேரே நின்று கைதட்டுங்கள். எதிரொலி ஏதோ பறவை கீச்சிட்டதுபோலத் திரும்பி வரும். கூட்டம் வந்துவிட்டால் அது காதில் விழாது.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். ‘கார்னே’ (ஸ்பானிய மொழியில் இறைச்சி) வேண்டாம் என்றால் மாட்டிறைச்சி, பன்றிக்கறி இல்லை என்றுதான் பலர் நினைப்பார்கள், கோழி வந்துவிடும். ‘சின் கார்னே, சின் போயோ’ (இறைச்சி இல்லாமல், கோழி இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். பயறு மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், ‘சின் மந்தேகா’ என்று கேளுங்கள். சோறும் கோழி வேகவைத்த நீரில் வெந்திருக்கலாம், விசாரியுங்கள். ‘சிக்கில் பாக்’ கிடைத்தால் விடவேண்டாம். பூசணி விதையை வறுத்து, சுட்ட தக்காளியோடு அரைத்தது, ஏறக்குறைய நம் துவையல்தான். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

திரும்பும் விமானம் கான்கூனிலிருந்து என்றால் ஒன்று: அங்கே கடிகாரம் மெரிதாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். இது தெரியாமல் நான் கடைசி நிமிடத்தில்தான் விமானம் பிடித்தேன்.

வயதோலித் சந்தையில் பூவேலை செய்த வெள்ளை உடையில் காய் விற்கும் பெண்களில் பலர் வீட்டில் பேசுவது மாயா மொழி. ‘பிஷ் அ பேல்’ என்று விசாரித்துப் பாருங்கள். நலமா என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘உன் வழி எப்படி?’