மைக்ரோகன்ட்ரோலரை வோல்டேஜ் கிளிட்ச் செய்து சோதிக்கும் கருவியைக் குறைந்த செலவில் நாமே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஊட்டியில் கல்லூரிப் படிப்பு, பிராஜெக்டுக்கு இதைச் செய்ய ஆசை, ஆனால் இதற்கென்றே ரெடிமேடாக விற்கும் சிப்விஸ்பரர் மாதிரிக் கருவி வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் இருக்கிறேன். தேயிலை ஃபேக்டரிகளில் இலை வாட்டும் விசிறிகளுக்குக் கன்ட்ரோலர் போர்டு செய்து கொடுப்பது தொழில். என் புரோகிராமை யாரும் படித்து எடுக்காதபடி சிப்பில் பூட்டித்தான் அனுப்புகிறேன். அந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் இதில் இறங்கினேன்.

வோல்டேஜ் கிளிட்ச் என்பது இதுதான்: சிப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சப்ளையை நானோ விநாடிக் கணக்கில், மிகக் குறுகிய நேரம் மட்டும் கீழே இழுத்துவிட வேண்டும். ரீசெட் ஆகாமல், அந்த நேரத்தில் ஓடிய ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் மட்டும் தடுமாறும். பாஸ்வேர்டு சரியா என்று பார்க்கும் வரி அங்கே இருந்தால், பார்க்காமலே தாண்டிவிடும்.

இதற்கு ரஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். பின்களைத் துல்லியமான நேரத்தில் இயக்கும் அதன் பிஐஓ பகுதி 125 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் 8 நானோ விநாடிப் படிகளில் பல்ஸ் கொடுக்கலாம். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும், ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ஒரு கிளாக் 62.5 நானோ விநாடி. ஒரே கிளாக்குக்குள் ஏழெட்டு இடங்களைக் குறிவைக்க முடிகிறது என்றால் படிப்பதற்கு இது தாராளம்.

சப்ளையைக் கீழே இழுக்கும் ஸ்விட்ச்தான் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். காசை விட அதில்தான் கவனம் வேண்டும். கடையில் கேட்டால் ஐஆர்எஃப்540 எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். பிகோவின் 3.3 வோல்ட்டுக்கு அது முழுதாகத் திறக்காது, அதன் கேட் (gate) காலுக்கு வேண்டிய சார்ஜும் அதிகம், வேகமாகத் திறந்து மூடாது. ஐஆர்எல்எம்எல்2502 மாதிரி, 3.3 வோல்ட்டிலேயே திறக்கும் சின்ன லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் வாங்குங்கள். அதன் டிரெய்ன் கால் நேராகச் சிப்பின் விசிசி (சப்ளை) காலில், சோர்ஸ் பக்கத்து கிரவுண்டில். ஒயர் நீண்டால் பல்ஸ் மழுங்கிவிடும். சப்ளைக்கும் சிப்புக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் சப்ளையையே ஷார்ட் செய்தது போலாகும். சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் 100 நானோஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றியே ஆக வேண்டும். நீங்கள் இழுக்கும் சார்ஜை அது கொடுத்துக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் இறங்காது.

முதல் டார்கெட்டாக, அதாவது தாக்கப்படும் சிப்பில் ஓட, ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் எண்ணும் சின்ன புரோகிராம் போதும். லூப் தொடங்கும்போது ஒரு பின்னை ஹை ஆக்குங்கள், அதுதான் பிகோவுக்கு நேரம் எண்ணத் தொடங்கும் சைகை, டிரிகர். தாமதத்தையும் பல்ஸ் அகலத்தையும் பைத்தான் ஸ்கிரிப்ட் மாற்றிக்கொண்டே போகட்டும். கணக்கு தப்பாக வந்தால் கிளிட்ச் விழுந்துவிட்டது. வோல்டேஜ் இறங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் பிரவுன் அவுட் டிடெக்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இறக்கம் குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் அது பிடிக்கும், இவ்வளவு குறுகிய பள்ளம் அதன் கண்ணில் படாது.

நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டார்கெட் தன் உள்ளேயே இருக்கும் ஆர்சி ஆசிலேட்டர் தரும் கிளாக்கில் ஓடினால், அதன் வேகம் வெப்பத்தோடு மாறும். டிசம்பர் விடியற்காலைக் குளிரில் விழுந்த தாமதம், மத்தியான வெயிலில் நகர்ந்திருக்கும். டிரிகர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நகரும். பிகோவிலிருந்தே கிளாக் கொடுத்துவிடுங்கள், இரண்டும் ஒரே தாளத்தில் ஓடும். அப்புறம் மழைக்காலத்தில் சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சத்தை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) வைத்துத் துடைக்காமல் போர்டை ஓட்டாதீர்கள்.

கருவி தயாரானதும் பூட்டுகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். எனக்கு இதுதான் முக்கியம். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர்களில் பல குடும்பங்களில், பூட்டு நிலையைச் சொல்லும் ஆர்டிபி பைட் ஏஏ என்றிருந்தால்தான் திறப்பு, சிசி என்றால் நிரந்தரப் பூட்டு, வேறு எது வந்தாலும் முதல் நிலைப் பூட்டு. என்எக்ஸ்பி நிறுவனத்தின் பழைய எல்பிசி சிப்புகளில் தலைகீழ்: 12345678 போன்ற சில மதிப்புகளுக்குத்தான் பூட்டு, ஒரு பிட் தப்பிப் படித்தாலும் திறந்துவிடும். அதை வோல்டேஜ் கிளிட்சால் திறக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ் கெர்லின்ஸ்கி 2017-ல் காட்டினார். கிளிட்ச் டிடெக்டர் வைத்து வந்த, பிகோ 2-இல் இருக்கும் ஆர்பி2350 சிப்புக்குக்கூட, ரஸ்பெர்ரி பை நிறுவனமே பரிசு அறிவித்து உடைக்கச் சொல்லி, உடைத்தவர்களின் பெயரை 2025 ஜனவரியில் வெளியிட்டது.

என் போர்டுகளில் இப்போது முக்கியமான சோதனைகளை இரண்டு தடவை, நடுவில் ரேண்டம் தாமதம் விட்டுச் செய்கிறேன். ஆம், இல்லை என்பதற்கு 1, 0 வைக்காமல் பல பிட்டுகள் வேறுபடும் எண்களை வைக்கிறேன். நீங்களும் உங்கள் சொந்த போர்டில் மட்டும் செய்யுங்கள். முதலில் பாதுகாப்பே இல்லாத புரோகிராம், பிறகு இரட்டைச் சோதனை வைத்தது. ஒவ்வொன்றிலும் கிளிட்ச் எத்தனை தடவை விழுகிறது என்ற அட்டவணையே நல்ல பிராஜெக்ட் ரிப்போர்ட் ஆகிவிடும்.