மருத்துவர் பதில்கள்: கிளினிக் ஊழியர்களின் கேள்விகள்

கேள்வி: குடும்ப மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் செவிலியராகப் பணிபுரிகிறேன். தடுப்பூசிகளைச் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருக்கிறோம். சென்ற வாரம் இரவில் மின்சாரம் போய், விடியற்காலையில்தான் வந்தது. காலையில் திறந்தபோது உள்ளே குளிர்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஃப்ரீசரை ஒட்டி வைத்திருந்த இரண்டு ஹெபடைடிஸ் பி குப்பிகளில் மருந்து உறைந்திருந்தது. அது கரைந்த பிறகு பயன்படுத்தலாமா?
- செவிலியர், தென்காசி மாவட்டம்.

பதில்: பயன்படுத்தக் கூடாது. நீங்கள் மின்வெட்டை நினைத்துக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த உறைந்த குப்பிகள்தான் பெருங்கவலை. தடுப்பூசி என்றால் வெப்பம் படக் கூடாது என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறோம். கடுங்குளிரும் அதைக் கெடுக்கும் என்பதை அந்த அளவுக்கு நினைவில் வைப்பதில்லை. ஹெபடைடிஸ் பி, பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), டி.டி. (டெட்டனஸுக்கான தடுப்பூசி) போன்றவற்றில் மருந்துப்பொருள் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டியிருக்கும். உறைந்தால் அத்துகள்கள் திரண்டு கட்டியாகிவிடும். கரைந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பா. பார்வைக்கு மருந்து மாறாதது போலவே தோன்றக்கூடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஊசி போட்டாயிற்று, அட்டையில் குறித்தாயிற்று என்று தாய் நிம்மதியாக வீடு திரும்புவார். குழந்தைக்கோ போதிய பாதுகாப்பு கிடைத்திருக்காது. சில குப்பிகளின் மேல் வட்டத்துக்குள் சதுரமாக ஒரு நிறக்குறி இருக்கிறதே, அது பட்ட வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. ஆகவே அதைப் பார்த்து மனம் தேற வேண்டாம்.

உறைந்த இரண்டையும் உடனே பிரித்து, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி ஒட்டி, மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே தட்டில் இருந்த மற்றக் குப்பிகளையும் அவசரப்பட்டு எறிந்துவிடாமல், தனி உறையில் இட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை, காலையில் வெப்பமானி எவ்வளவு காட்டியது என்ற விவரங்களுடன் தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கருத்துக் கேட்டு, பதில் வரும்வரை யாருக்கும் போடாமல் இருப்பதே சரியான முறை.

இனிமேலுக்கு, தடுப்பூசிக்கென்றே செய்யப்பட்ட குளிர்பெட்டியை வாங்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டியதில்லை; வீணாகும் மருந்தின் விலையைக் கணக்கிட்டால் அவருக்கும் அது நியாயமாகவே படும். அதுவரை குப்பிகளை நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு வையுங்கள். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம்; அங்கும் அடித்தட்டிலும் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி வைத்தால், மின்வெட்டின்போது குளிர்ச்சி சற்று நேரம் கூடுதலாக நிற்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவு இரண்டையும் காட்டும் வெப்பமானியைக் குப்பிகளின் நடுவே வைத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால், திங்கள் காலையில் அந்தக் குறைந்தபட்ச அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். மதிய உணவு டப்பாவுக்கு அந்தப் பெட்டியில் இடமே கிடையாது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வெப்பம் உள்ளே நுழைகிறது.

கேள்வி: நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு மூடியைத் திரும்பப் பொருத்தும்போது என் விரலில் குத்திவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சொன்னால் திட்டுவார்களோ என்று சொல்லவில்லை. இரண்டு நாள் ஆகிறது.
- உதவியாளர், கடலூர்.

பதில்: இதை அச்சில் காணும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவினால் போதும். பிதுக்குவதோ, வாயில் வைத்து உறிஞ்சுவதோ, ஸ்பிரிட் ஊற்றுவதோ கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரை தேவையென்று மருத்துவர் கருதினால், அதை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த மாத்திரை கிடைக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் உடல்நலத்தில் கழிகிறது. ஊழியர் பயமின்றி வந்து சொல்லும்படி நடந்துகொள்வது மருத்துவரின் கடமை என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடவே கூடாது. குத்துப்படாத வெள்ளைக் கலத்தில், எழுந்து நடக்காமல் கை நீட்டும் தூரத்திலேயே, போட்டுவிட வேண்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு பார்த்த நோயாளி, தமது பழைய சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்கிறார். மறுக்கலாமா?
- வரவேற்பாளர், கரூர்.

பதில்: மறுக்கக் கூடாது. இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு காக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு; வெளிநோயாளிக் குறிப்புகளையும் அதே காலம் வைத்திருப்பது நல்லது. மூலத்தைக் கொடுக்காமல் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உறவினர் என்று சொல்லித் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு எதையும் வாசித்துக் காட்ட வேண்டாம்.